பயனெட் வெட்டாத கயிறு

99 ஏ.பி.ஓ.
9 ஜூன் 2024

அன்புள்ள மித்ரா,

ஜெய் பீம். நாற்பது நாளாக நீ போனை எடுப்பதில்லை. போன ஞாயிறு சிக்னல் கிடைத்தபோது ரக்ஷிதாவைக் கேட்டேன். "அம்மாகிட்ட எதுனா சொல்லணும்னா எழுதுங்கப்பா. போன்ல நீங்க சரி சரின்னு சொல்லிட்டு வெச்சுடறீங்களாம்" என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை தூது போகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது கல்யாணமான புதிதில். கை பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தக் காகித விஷயத்தை இப்போது எழுதவில்லை. உன் கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

வேறு ஒரு காரியம். எனக்கு ஒரு நல்ல கத்தி வேண்டும். போன லீவில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேனே, மடக்குக் கத்தி, கறுப்புக் கைப்பிடி, படத்தில் பார்க்க அட்டகாசமாக இருந்ததே, அது இப்போது ஆட ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கியில் மாட்டுகிற பயனெட் இருக்கிறது. ஆனால் அதனால் ஒரு தக்காளியைக்கூட வெட்ட முடியாது. இங்கே சாலை வேலைக்கு வருகிற உள்ளூர் ஆட்கள் இடுப்பில் தாவ் என்று ஒரு நீளக் கத்தி வைத்திருக்கிறார்கள். மூங்கிலை ஒரே போடில் சாய்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நீ பன்னிரண்டு வருடமாகக் கார்மென்ட்ஸ் கம்பெனிக் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறாய். வெட்டுவதைப் பற்றி உன்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் எனக்கு யாரும் இல்லை. பார்த்துச் சொல்.

இங்கே மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உதயா

*

ஒக்கலிபுரம்
பெங்களூர்
23 ஜூன் 2024

ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

ஜெய் பீம். கடிதம் வந்தது.

காகித விஷயத்தை எழுதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதுகிறேன். இருபத்துநாலு வருடம் முடிந்து நவம்பரில் வீட்டுக்கு வரவேண்டிய ஆள், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது எனக்கு எப்படித் தெரிந்தது? கே.ஜி.எஃப்-இல் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, உங்களோடு வேலை செய்கிற பாக்கியராஜின் மனைவி சொன்னாள். "உங்க வீட்டுக்காரரும் எக்ஸ்டென்ஷன் போட்டுட்டாராமேக்கா?" என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு "ஆமாமா" என்றேன். அந்த ஒரு ஆமாமாவுக்குத்தான் எனக்குக் கோபம். இரண்டு வருடத்துக்காக அல்ல.

அது இருக்கட்டும். கத்தி.

கத்தி வேண்டும் என்றால் எந்தக் கத்தி? எங்கள் மாஸ்டரிடம் போய்த் துணி வெட்டணும் என்று சொல்லிப் பாருங்கள். என்ன துணி, எத்தனை அடுக்கு, வளைவா நேரா என்று மூன்று கேள்வி கேட்காமல் மிஷினில் கை வைக்க மாட்டார். டெனிமுக்கு மாட்டுகிற பிளேடை லைனிங் துணிக்கு மாட்டினால் துணி உருகி ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் அங்கே என்னதான் வெட்டுகிறீர்கள்? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. பதினாறு வருடம் ஆகிறது, பாலம் கட்டுகிறீர்கள், ரோடு போடுகிறீர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் முழுக்க, திங்களிலிருந்து ஞாயிறு வரை, வெட்டியதையெல்லாம் அன்றன்றைக்கே எழுதி அனுப்புங்கள். வெங்காயம் ஆனாலும் சரி. எவ்வளவு தடிமன், ஈரமா உலர்ந்ததா, எதால் வெட்டினீர்கள், வெட்டியதா இல்லையா, எல்லாம் வேண்டும்.

இன்னொன்று. வெட்டாத கத்தியைப் பட்டாளத்தில் எதற்குக் கொடுக்கிறார்கள்? இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

சங்கமித்ரா

*

99 ஏ.பி.ஓ.
7 ஜூலை 2024

அன்புள்ள மித்ரா,

ஜெய் பீம். திட்டியிருக்கிறாய். நான்கு முறை படித்தேன். ஆமாமா என்று நீ சொன்னதை நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன். முதலில் கேட்டதற்குச் சொல்கிறேன்.

பயனெட் வெட்டுவதற்காகச் செய்தது அல்ல, குத்துவதற்குச் செய்தது. துப்பாக்கி முனையில் மாட்டினால் அது ஈட்டி. முனை கூர், விளிம்பு மொட்டை. நாங்களாகக் கல்லில் தீட்டினால் தண்டனை உண்டு. தினமும் சாயங்காலம் ஆயுத அறையில் எண்ணி ஒப்படைக்க வேண்டும். பழைய மாதிரி ஒன்றில், உறையோடு கோத்துப் பிடித்தால் கத்தரிபோல முள்கம்பியை வெட்டலாம். வகுப்பில் செய்து காட்டினார்கள். அதற்குமேல் அதை வைத்து நான் செய்த ஒரே வேலை, பரேடில் மாட்டிக்கொண்டு நின்றது.

நாளை திங்கள். உன் கணக்கை ஆரம்பிக்கிறேன்.

திங்கள்: பச்சை மூங்கில், மணிக்கட்டுப் பருமன், முப்பது. உள்ளூர் ஆளிடம் தாவ் இரவல் வாங்கி வெட்டினேன். என் கத்தியால் ஒன்றை முயன்றேன், தோல்தான் சீவியது. மணல் மூட்டைகளின் வாய்ச்சணல், ஈரம். கத்தி போதும். வெங்காயம் அரை மூட்டை, சமையல் முறை என்னுடையது.

செவ்வாய்: தார்ப்பாய், பெரியது. மடிப்பு வைத்து இழுத்தால் நன்றாகக் கிழிந்தது. நெய் டின் திறந்தேன். கத்தி முனை வளைந்துவிட்டது.

புதன்: கட்டுக்கம்பி, குறடால். பூட்ஸ் லேஸ் ஒன்று. இன்று நாகேஷுக்குப் பிறந்தநாள். மண்டியா பையன், இருபத்துநாலு வயது, என் செக்‌ஷனில் படகு ஓட்டுகிறவன். கேக்குக்கு எங்கே போவது? பிஸ்கட்டை அடுக்கி வெல்லப்பாகு ஊற்றி இறுக வைத்தோம். பாறை மாதிரி ஆகிவிட்டது. என் கத்தியைச் செருகி மேலே கல்லால் தட்டித்தான் துண்டு போட்டோம். அதிலிருந்து கத்தி இன்னும் ஆடுகிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வியாழன்: கயிறு.

வெள்ளி: ஒன்றுமில்லை.

சனி: ஆப்பிள். நான் வெட்டவில்லை, வெட்டிக் கொடுத்தார்கள்.

ஞாயிறு: ஒன்றுமில்லை. வாரம் முடிந்தது. கத்திக்கு அவசரம் இல்லை.

உதயா

*

ஒக்கலிபுரம்
28 ஜூலை 2024

ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

ஜெய் பீம். பயனெட் விஷயம் புரிந்தது. இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு ஒழுங்காகப் பதில் வேண்டும்.

இரண்டு ஞாயிறும் அலைந்தேன். முதலில் எஸ்.ஜே.பி. ரோடு. சுந்தரம் என்பவர் கருவிக் கடை வைத்திருக்கிறார். கத்தி காட்டுங்கள் என்றதும், "என்னாமா, கிச்சனுக்கா? அடுத்த கடையில செட்டு செட்டா கீது பாரு" என்றார். பச்சை மூங்கில், ஈரச்சணல், தார்ப்பாய், டின், கம்பி என்று உங்கள் பட்டியலைப் படித்தேன். வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"யாருமா இதெல்லாம் ஒரே ஆளு வெட்றது?"

"என் வீட்டுக்காரரு."

"எத்தினி கத்தி வெச்சினுகிறாரு?"

"ஒண்ணு. அதுவும் ஆடுதாம்."

"ஆடாம என்னா பண்ணும்?" என்றார்.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. மடக்குக் கத்தியில் பிளேடும் கைப்பிடியும் ஓர் ஆணியில்தான் நிற்கின்றன. குத்தினால், நெம்பினால், தட்டினால் அந்த ஆணிதான் வாங்கிக்கொள்ளும். கைப்பிடியின் கடைசி வரைக்கும் ஒரே இரும்பு ஓடுகிற கத்திதான் உங்களுக்குச் சரி. மழை ஊராக இருந்தால் ஸ்டெயின்லெஸ் போதும், அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தாலும் துருப் பிடிக்காது.

பிறகு சிவாஜிநகர் போய்க் கறிக்கடைக்காரரிடம் அவருடைய கத்திகளைப் பார்த்தேன். எலும்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, துண்டு போட ஒன்று. மூன்றையும் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னார். நம் தெரு முனையில் இளநீர் விற்கிறவரின் கத்தியையும் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கம்தான் கனம். அந்தக் கனம்தான் வெட்டுகிறது, கை சும்மா வழி காட்டுகிறது. உங்கள் தாவும் அப்படித்தான் இருக்கும். சரியா?

ஆக, மூங்கிலுக்குத் தாவ். டின்னுக்கு டின் ஓப்பனர். கம்பிக்குக் குறடு. நான்கு ஆள் வேலையை ஒரே ஆளிடம் வாங்கப் பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது கேள்வி.

திங்கள் முதல் புதன் வரை தடிமன், ஈரம், சிரிப்பு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமைக்கு ஒரே வார்த்தை. என்ன கயிறு? எவ்வளவு தடிமன்? வெட்டியதா இல்லையா? அது மட்டுமல்ல. புதன் வரை உங்கள் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எப்போதும்போல. வியாழனிலிருந்து இடப்பக்கம் சாய்கிறது. 'று'வின் வளைவு இரண்டு தடவை எழுதி அடித்திருக்கிறது. அறுபது அடுக்குத் துணியில் ஒரு நூல் விலகினால் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பட்டாளத்தில் ஒரு ஹவில்தாருக்கு ஆப்பிள் வெட்டிக் கொடுப்பது யார்? எங்கே?

ரக்ஷிதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பதில் வரும்வரை கத்தி தேட மாட்டேன்.

சங்கமித்ரா

*

99 ஏ.பி.ஓ.
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மித்ரா,

ஜெய் பீம். இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

வியாழக்கிழமை மேலே எங்கேயோ பெருமழை. ஆற்றில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மிதவைப் பாலத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளை மாற்றிக் கட்டப் போனோம். நைலான் கயிறு, கட்டைவிரல் பருமன், முழுக்க நனைந்தது. ஒரு மிதவை திரும்பியது. நாகேஷின் முழங்காலுக்குக் கீழே கயிறு சுற்றி, அவனை மிதவையின் விளிம்போடு சேர்த்து அழுத்திவிட்டது. தண்ணீர் அவன் மார்புவரை வந்தது. கயிற்றைத் தளர்த்த முடியவில்லை. மிதவை முழுவதும் ஆற்றோடு சேர்ந்து இழுக்கிறது. மேலே கிடந்த கோடாலியை ஓங்கினால் அவன் காலும் போகும்.

"பிடபேடி அண்ணா, பிடபேடி!" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். விட்டுவிடாதே என்கிறான்.

காவலுக்கு நின்றவன் தன் பயனெட்டைக் கழற்றி என்னிடம் எறிந்தான். அறுத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. கயிற்றுக்கு பாலிஷ் போட்ட மாதிரி ஆனதே தவிர ஒரு நூல் அறவில்லை. பிறகு என் மடக்குக் கத்தி. அது பாதிவரை போயிற்று. முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். கயிறு அறுந்தது, அதே நேரம் கத்தியும் மடங்கியது. என் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளே இருந்தன.

நாகேஷ் பிழைத்துவிட்டான். காலில் எலும்பு முறிவு. எனக்கு விரல் இரண்டும் இருக்கின்றன, நரம்பைத் தைத்திருக்கிறார்கள். மடக்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் அவன். ஆப்பிள் வெட்டித் தந்தது நர்ஸ்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? நீ பயப்படுவாய் என்பது பொய். கத்தி சரியில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரியும். ஜூன் மாதமே உனக்கு எழுதியிருக்கிறேன் அல்லவா? தெரிந்துகொண்டே அதைப் பையில் வைத்திருந்தேன். அதுதான் வெட்கம்.

இன்னொரு வெட்கத்தையும் இப்போதே எழுதிவிடுகிறேன். இடது கையால் எழுதும்போது சுற்றி வளைக்க முடியவில்லை.

நீட்டிப்புக்கு நான் கையெழுத்துப் போட்டது பயத்தில். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற சந்தானத்தை எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்த்தேன், போன லீவில். ஒரு கம்பெனி வாசலில் நீல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேப் கதவைத் திறந்துவிடுகிறார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு. "உதயா, வேலை கஷ்டமில்லடா. வீடுதான். வீட்ல எந்த டப்பா எங்க இருக்குன்னு தெரியல. எதைத் தொட்டாலும் அங்க வைக்காதீங்கன்றாங்க" என்றார். பதினாறு வருடத்தில் நான் நம் வீட்டில் ஒரே மூச்சில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. நீயும் ரக்ஷிதாவும் எனக்கு வழிவிட்டு நடக்கிறீர்கள், விருந்தாளிக்கு விடுகிற மாதிரி. விருந்தாளி திரும்பிப் போகவில்லை என்றால் என்ன ஆகும்? அதை உன்னிடம் கேட்கத் தைரியமில்லை. ஆற்றில் இறங்கத் தைரியம் இருந்தது.

கோபத்தோடாவது பதில் எழுது.

உதயா

*

ஒக்கலிபுரம்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

ஜெய் பீம். கடிதத்தை வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் பிரித்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். செக்‌ஷனுக்குப் போனதும், மிஷினில் போடுகிற இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு சும்மா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அது இல்லாமல் சுவிட்சைத் தொட விடமாட்டார்கள். உங்களுக்கு ஒருவரும் ஒன்றும் மாட்டவில்லை.

சாயங்காலம் ரக்ஷிதாவிடம் சொன்னேன். முதலில் அழுதாள். பிறகு, "கட்டைவிரல் சைஸ் நைலான்னா எத்தனை எம்எம்மா?" என்றாள். அப்பன் பிள்ளை. அங்கிருந்து ஆரம்பித்தோம்.

சுந்தரம் கடையில் பதினெட்டு எம்எம் நைலான் கயிறு வாங்கினோம். ஒரு நாள் முழுக்க டிரம் தண்ணீரில் ஊற வைத்தோம். ஞாயிறு காலை மொட்டை மாடி இரும்பு உத்தரத்தில் ஒரு முனையைக் கட்டி, மறு முனையில் நான்கு தண்ணீர் கேன் நிரப்பித் தொங்கவிட்டோம். கீழ்வீட்டுச் செண்பகம், "தூளி கட்றீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், விஷயம் தெரிந்ததும் தன் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரக்ஷிதா எத்தனை இழுப்பு என்று எண்ணினாள்.

கறிக்கடைக்காரர் புதிதாகத் தீட்டிக் கொடுத்த கத்தி, முகம் தெரிகிற பளபளப்பு. நாற்பத்தொரு இழுப்பு! பளபளப்பு அதிகம் என்றால் நனைந்த நைலானில் அது வழுக்குகிறது. அதே கத்தியைச் சொரசொரப்புக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துத் திரும்பப் போட்டேன். இருபத்திரண்டு. எனக்குக் கை நின்றுவிட்டது. வழுக்குகிற செயற்கைத் துணி வந்தால் எங்கள் மாஸ்டர் நேர் பிளேடைக் கழற்றிவிட்டு அலைப்பல் பிளேடு மாட்டுவார். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். இது ஏன் எனக்கு முதல் நாளே தோன்றவில்லை?

பல் வைத்த கத்தி யாரிடம் இருக்கிறது? ஸ்டேஷன் பக்கம் போகிற வழியில் கேசவின் பேக்கரி. அவர் முழு பிரெட்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு இரவல் கேட்டேன், கயிறு வெட்ட என்றேன்.

"பிரெட் சாக்குல்லி ஹக்கவா, மேடம்?" என்றார். பிரெட் கத்தியில் கயிறா என்று. பிறகு அவரும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மாடிக்கு வந்தார்.

எட்டு இழுப்பு. கேன்கள் விழுந்த சத்தத்தில் தெருவே மேலே பார்த்தது.

ஆகவே உங்களுக்கு நான் தேர்ந்தெடுத்தது பிரெட் கத்திதான். சிரிக்காதீர்கள். புதிதாக ஒன்று வாங்கினேன். கைப்பிடி முழுக்க இரும்பு ஓடுகிறது, மூன்று ஆணி. நீளமாக இருந்தால் வளைகிறது என்பதால் பாதியாக வெட்டச் சொன்னேன். சாணைக்காரர் அவசரப்பட்டால் இரும்பு சூடேறி நீலமாகிப் பதம் போய்விடும். அதனால் பக்கத்திலேயே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். முனையை வட்டமாக்கியிருக்கிறேன். கயிற்றுக்குக் கீழே கால் இருந்தாலும் குத்தாது. கைப்பிடியில் சைக்கிள் ரப்பர், ஈரக் கையிலும் நிற்கும். உறை எங்கள் செக்‌ஷன் டெனிம், நான்கு அடுக்கு, நானே தைத்தது. மூங்கிலுக்குத் தாவை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

லீவு முடிந்து திரும்புகிற பாக்கியராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிக்கொள்ள வந்தவர், "உங்க கையிலருந்து போன கத்தின்னா அண்ணன் ஆஸ்பத்திரி கட்டில்லருந்து எழுந்துடுவாருக்கா" என்றார். அவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் இருந்தது என்று கேட்டேன். பார்சலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டு விஷயம். நீங்கள் சொன்னது சரி. விருந்தாளிக்கு விடுகிற மாதிரிதான் வழிவிட்டோம். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். நீங்கள் வரும்போது மட்டும் நல்ல தட்டு எடுத்து வைப்பேன், போனதும் உள்ளே வைத்துவிடுவேன். நீங்கள் எப்போதும் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. எனக்கும் பயம்தான். நானும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. கை சரியில்லை, பட்டாளம் வேண்டாம் என்றுவிட்டது, அதனால் வீட்டுக்கு வந்தேன் என்கிற ஆள் எனக்கு வேண்டாம். வா என்றும் கூப்பிட மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை என்ன முடிவு எடுத்தாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள். பந்தியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள என்னால் முடியாது.

விரலைத் தினமும் வெந்நீரில் வைத்து மடக்கிப் பாருங்கள்.

மித்ரா

*

99 ஏ.பி.ஓ.
24 செப்டம்பர் 2024

அன்புள்ள மித்ரா,

ஜெய் பீம். முதல் வரி வலது கையால் எழுதியது. தெரிகிறதா? இனி இடது.

பாக்கியராஜ் பார்சலைப் பிரித்ததும் செக்‌ஷன் முழுக்கச் சிரிப்பு. "ஜாம் எங்கே உஸ்தாத்?" என்று கேட்டான் ஒருவன். அன்று சாயங்காலமே ஆற்றங்கரையில் அதே பாலத்துக் கயிற்றை நனைத்து, டிரக்கில் மாட்டி இழுத்துக் கட்டினார்கள். முதலில் சிரித்தவனே பயனெட்டை எடுத்து அறுத்தான். நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டான். பிறகு நான். இடது கையால், ஒன்பது இழுப்பு. கயிறு அறுந்து துள்ளியதில் நாகேஷ் ஊன்றுகோலோடு பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நாகேஷ் கத்தியை வாங்கி, அந்த வட்டமான முனையைத் தன் காலில் வைத்து அழுத்திப் பார்த்தான். எவ்வளவு அழுத்தினாலும் குத்தவில்லை. "அண்ணிக்கு என்னால என்ன சொல்றதுன்னு தெரியலண்ணா" என்றான். அவன் தமிழ் அவ்வளவுதான்.

மேஜர் சாப் கேட்டார், "இதைத் தேர்வு செய்தது யார்?" என்று. என் மனைவி, கட்டிங் செக்‌ஷன் என்றேன். உன் கடிதத்தில் சோதனை எழுதிய பகுதியை மட்டும் ஹிந்தியில் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். நாற்பத்தொன்று, இருபத்திரண்டு, எட்டு. சொரசொரப்புக் கல் விஷயத்தைத் திரும்பவும் கேட்டார். இனி தண்ணீரில் வேலை செய்கிற ஒவ்வொருவர் இடுப்பிலும் பல் வைத்த, முனை மழுங்கிய கத்தி இருக்க வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியாது. எங்கள் படகுக்கு நீ அனுப்பியது இருக்கிறது.

இப்போது முதலில் உனக்குச் சொல்ல வேண்டியது.

மருத்துவக் குழு என் விரலைப் பார்த்தது. ஆறு மாதத்தில் முக்கால்வாசி சரியாகும் என்கிறார்கள். மேஜர் சாப் கூப்பிட்டு, "ஸ்டோரில் லேசான வேலை தருகிறேன், நீட்டிப்பு நிற்கும்படி நான் பேசுகிறேன்" என்றார். ஆக, பட்டாளம் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கலாம். இரண்டு வருடமும் இருக்கலாம்.

நீட்டிப்பில் விருப்பமில்லை என்ற காகிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் உனக்குப் போய், உன் கடிதம் எனக்கு வரும்வரை பெட்டியில் இருக்கும். நீ வேண்டாம் என்றால் கிழித்துவிடுவேன். கொடுத்தால் நவம்பர் முப்பதாம் தேதி எங்கள் படையின் பெங்களூர் சென்டரில் கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பயம் போகவில்லை. பயத்தோடுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் நீ மாடியில் கயிறு கட்டி நின்றாய் என்று படித்தபோது, நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கேனையாவது நிரப்பிக் கொடுத்திருப்பேன். பதினாறு வருடத்தில் ஒரு வேலையைப் பார்க்க நான் வீட்டில் இருந்திருக்கலாமே என்று ஏங்கியது இதுதான் முதல் தடவை. கல்யாணம், சாவு எதற்கும் இப்படித் தோன்றியதில்லை.

என்ன சொல்கிறாய்?

உதயா

*

ஒக்கலிபுரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள உதயாவுக்கு,

ஜெய் பீம். காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

முதல் வரியைப் பார்த்தேன். வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. நாலாவது எழுத்தில் அழுத்தம் குறைகிறது, அங்கே வலித்திருக்கிறது. தினமும் ஒரு வரி எழுதுங்கள், எனக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.

ரக்ஷிதாவும் நானும் நேற்று அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தோம். உங்கள் துணி இத்தனை வருடமும் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில்தானே இருந்தது. அந்தத் தட்டில் என்ன எங்கே வைப்பது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வைக்காதீர்கள் என்று நான் நிச்சயம் சொல்வேன். சொன்னால் சண்டை போடுங்கள். சரி சரி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஜனவரியிலிருந்து துணி வெட்டுகிற புது பேண்ட்-நைஃப் மிஷினுக்கு நான் பொறுப்பு. கயிறு கதை செக்‌ஷன் முழுக்கப் பரவிவிட்டது. பிளேடு மாற்றும்போதெல்லாம் இப்போது என்னையும் கேட்கிறார்கள். இனிமேல் சில நாள் வீடு வர நேரமாகும்.

நவம்பர் முப்பது சனிக்கிழமை. அன்று எங்களுக்கு ஷிப்மென்ட், லீவு கிடையாது. ரக்ஷிதாவுக்கு டியூஷன். மாலை, மேளம் என்று யாரும் சென்டர் வாசலுக்கு வரமாட்டோம். அல்சூரிலிருந்து பஸ் ஏறி நீங்களே வாருங்கள். சாவி செண்பகத்திடம் இருக்கும். அரிசி எந்த டப்பாவில் என்று எழுத மாட்டேன், தேடிக் கண்டுபிடியுங்கள். மூன்று பேருக்குச் சோறு வையுங்கள்.

நான் ஆறரை மணிக்கு வருவேன். இத்தனை வருடமும் உங்களுக்குக் கதவு திறந்தது நான். அன்று நீங்கள் எனக்குத் திறங்கள். காலிங் பெல் கெட்டுப்போய்க் கிடக்கிறது. தட்டுவேன்.

மித்ரா